எந்த வருஷத்து லாரி வேண்டும்?

அப்பா காலத்துப் பழைய லாரி கைக்கு வந்ததும் செய்யக்கூடாத முதல் காரியம் அதைக் கழுவுவது. தோப்பிலோ மில் கொட்டகையிலோ வருஷக்கணக்கில் நின்ற வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு இழுத்துப்போய்ப் பளபளவென்று நிறுத்தத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஆயில் எந்த மூட்டில் கசிந்து எந்தப் பக்கம் வழிந்தது, ரேடியேட்டரில் எந்த இடத்தில் பச்சை பூத்திருக்கிறது, சேசிஸில் எங்கே துரு தூளாகக் கொட்டுகிறது என்பதையெல்லாம் அந்த அழுக்குதான் காட்டிக்கொடுக்கும். பிரஷர் தண்ணீர் பட்டால் கதவில் மங்கிக் கிடக்கும் பெயிண்ட் எழுத்தும் செதில் செதிலாக உரிந்துவிடும். திரும்ப எழுத ஆள் கிடைப்பார், அந்தக் கையெழுத்து கிடைக்காது. ஆகவே முதலில் செல்போனால் படம் எடுங்கள். வெளியே நான்கு பக்கம், பானெட் திறந்து இரண்டு பக்கம், அடியில் படுத்து முன்னிருந்து பின்வரை. கேபினுக்குள் தலைக்கு மேலே உள்ள பலகையையும் விடாதீர்கள். சாமி படம், டிரைவர் கிறுக்கிய கணக்கு, மின்விசிறி மாட்டிய ஆணி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து வீட்டில் ஒரு சண்டை வரும். ஒருவர் ‘ஒரிஜினல்’ ஆக்க வேண்டும் என்பார், இன்னொருவர் புது எஞ்சின் வைத்து ஏ.சி. போட்டு ஊர் சுற்ற வேண்டும் என்பார், மருமகன் இதில் டிபன் கடை போட்டால் எப்படி இருக்கும் என்பார். சண்டை சூடாவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். நல்ல பட்டறை மேஸ்திரியிடம் போனால் அவர் முதலில் கேட்பதும் அதுதான்: “எந்த வருஷத்து லாரியா வேணும்ங்க?”

கார்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி கிடையாது. கார் கம்பெனியிலிருந்து முழுசாக வந்தது. கம்பெனி கொடுத்த நிறம், சீட், கைப்பிடி என்று எல்லாவற்றுக்கும் அச்சிட்ட புத்தகம் உண்டு. நம் ஊர் லாரி அப்படி வரவில்லை. பெரும்பாலும் பானெட், முகப்பு, டேஷ்போர்டு வரைதான் கம்பெனி கொடுக்கும். அதற்குப் பின்னால் மொட்டைச் சேசிஸ். பலகைச் சீட்டில் உட்கார்ந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜாம்ஷெட்பூர் டாடா தொழிற்சாலையிலிருந்து ஓட்டிவந்தவர்கள் உண்டு. கேபினும் தொட்டியும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, கரூர் போன்ற ஊர்ப் பட்டறைகளில் மரச்சட்டம் போட்டு, தகடு அடித்துக் கட்டியவை. சில வருஷம் ஓடியபின் அதையும் பிரித்து வேறு பாடி கட்டியிருப்பார்கள். எனவே ‘ஒரிஜினல்’ என்று வீட்டில் சொல்வது எதை? சேசிஸ் வாங்கிய வருஷத்தையா, முதல் பாடி கட்டிய வருஷத்தையா, அப்பா ஓட்டியதாக உங்களுக்கு நினைவிருக்கும் வருஷத்தையா?

எஞ்சினும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் கழித்துக் கட்டிய செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகள் ஏலத்தில் போய்ச் சரக்கு லாரிகளாயின. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ லாரிகளை விற்றது. இவற்றில் பல பெட்ரோல் வண்டிகள். 1950-களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் 6 சிலிண்டர் பெர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினைத் தயாரிக்கத் தொடங்கியதும், பெட்ரோல் செலவு தாங்காத முதலாளிகள் எஞ்சினை இறக்கிவிட்டு இதை ஏற்றினார்கள். அதற்கும் முன்னால், போரின்போது பெட்ரோல் ரேஷனானதும் பஸ், லாரிகளின் பின்னால் கரிவாயு உலை கட்டி ஓட்டியவர்கள் நம் ஆட்கள். உங்கள் ஃபார்கோவில் பெர்க்கின்ஸ் இருந்தால் அதைக் கலப்படம் என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து பெட்ரோல் எஞ்சின் தேடாதீர்கள். அந்த மாற்றம்தான் உங்கள் வண்டியின் சரித்திரம். அந்த மாற்றத்துக்குப் பிறகு அது எப்படி ஓடியதோ அப்படி நிறுத்துவதுதான் நியாயம்.

வண்டி எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டாடாவின் டெல்கோ 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கைகோர்த்து லாரி செய்யத் தொடங்கியது; ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. மூன்று முனை நட்சத்திரம் முகப்பில் இருந்தால் வண்டி அந்தப் பதினைந்து வருஷத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நட்சத்திரத்தைப் பிற்பாடு மாட்டியவர்களும் உண்டு, கழற்றி விற்றவர்கள் அதைவிட அதிகம். உங்கள் வண்டியில் அது இருந்தால் இன்றே கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். டாடாவின் 1210 என்ற மாடல் எண்ணுக்குப் பொருள் சுமார் 12 டன் மொத்த எடை, 100 குதிரைத்திறன் என்பது. 1948-ல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டு காமெட் லாரிக்கு மாறி, 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. பெட்ஃபோர்டு என்றால் யார் பூட்டியது என்று பாருங்கள்: பம்பாய் சிவ்ரியில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது, பின்னால் வந்தவை இந்துஸ்தான் மோட்டார்ஸின் வண்டிகள். உதிரிப்பாகம் தேடும்போது இந்த வித்தியாசம் கழுத்தைப் பிடிக்கும். டாடாவுக்கும் லேலண்டுக்கும் பழைய உருப்படிகள் இன்னும் கிடைக்கின்றன. டிசோட்டோவுக்கு லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும்.

இனி காகிதம். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதை முடியுங்கள், ஏனென்றால் நீங்கள் என்ன செய்யலாம் என்பதில் பாதியைக் காகிதமே முடிவு செய்துவிடும். ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவு எண்ணாக இருந்தால் விவரம் கணினியில் ஏறாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக் கனத்த ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கலாம். புக்கில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஏறியிருந்து அந்தக் கம்பெனியே இன்று இல்லையென்றால், கடன் தீர்ந்த கடிதம் ஒன்றுக்காக நீங்கள் நிறைய நடக்க வேண்டியிருக்கும். அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியில் முதலில் பாருங்கள். சரக்கு வண்டிக்குக் காலாண்டு வரி. வண்டி ஓடவில்லை என்று முறையாக எழுதிக் கொடுக்காமல் நிறுத்தியிருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே வந்திருக்கும். எவ்வளவு என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

உரிமையாளர் காலமாகிவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வீடுகளில் இந்த 3 மாதம் எப்போதோ போயிருக்கும். அபராதத்தோடு செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். வாரிசுச் சான்றிதழில் பெயருள்ள எல்லோரிடமும், அக்கா தங்கைகளையும் சேர்த்து, கையெழுத்து வாங்குங்கள். பத்து லட்சம் செலவழித்து வண்டி மின்னத் தொடங்கியபின் பங்கு கேட்டு வருபவரைக் குறை சொல்ல முடியாது.

சேசிஸ் எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைத் தரகரிடம் விடாதீர்கள். இடம் வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் முன்பக்கச் சேசிஸ் சட்டத்தில் வெட்டியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். கிரைண்டர் வேண்டாம், கம்பி பிரஷ்கூட வேண்டாம். எழுத்து தெரிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பி நிற்கும். அந்தப் பென்சில் பிரிண்டை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 3 ஆ 8 ஆ என்று சந்தேகம் வருகிற இடத்தில் பல வண்டிகளின் கதை முடிந்திருக்கிறது. பிற்பாடு பெயிண்ட் வேலை நடக்கும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். பட்டி பூசி மூடிய எண் இல்லாத எண்ணுக்குச் சமம்.

மாற்றம் செய்வதில் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தோடு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால் முன் அனுமதி வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. போலீஸ்காரர் பிடிப்பது இதில் சின்னப் பயம். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் எஞ்சின் எண்ணைக் கேட்கும்போது என்ன ஆகும் என்பதை யோசியுங்கள்.

2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு நிறையப் பேர் மகிழ்ந்துபோகிறார்கள். 50 வயது கடந்த, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் வரலாம். ஆனால் அந்த விதி தனிப்பட்ட உபயோகத்தில் உள்ள இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் லாரிக்கு ஆறு சக்கரம், அதுவும் சரக்கு வண்டி. உங்கள் ஆர்.டி.ஓ. என்ன சொல்கிறார் என்பதை எழுத்தில் வாங்காமல் இதை நம்பிச் செலவில் இறங்காதீர்கள். இன்னொன்று, 7,500 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள வண்டியைக் கார் லைசென்ஸில் ஓட்ட முடியாது. ஆசைப்பட்டவரே ஸ்டீயரிங் பிடிக்க முடியாத லாரி எத்தனையோ கொட்டகையில் நிற்கிறது.

காகிதம் தேறவே தேறாது என்று ஆகிவிட்டால் ஒரு வகையில் உங்களுக்கு நிம்மதி. வண்டி ரோட்டுக்கு வராது. சொந்த இடத்துக்குள் காட்சிக்கு நிற்கிற பொருளாக அதைச் செப்பனிடலாம். பிரேக், ஸ்டீயரிங்குக்குப் போக வேண்டிய பணத்தைக் கேபினில் போடலாம். டிபன் கடை யோசனையை நான் ஒத்துக்கொள்ளும் ஒரே சூழ்நிலை இதுதான். அப்போதும் தொட்டியைத்தான் கடையாக்க வேண்டும், கேபினில் ஜன்னல் வெட்டக்கூடாது.

காகிதம் சரி என்றால் இப்போது அடியில் படுங்கள். முதலில் சேசிஸ். இரண்டு நீளச் சட்டங்களையும் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். ஸ்பிரிங் பட்டைச் செட் மாட்டும் இடங்களிலும் ரிவெட்டைச் சுற்றியும் விரிசல் தேடுங்கள். ஓவர்லோடு ஏற்றிப் பழகிய வண்டிகளில் கேபினுக்குப் பின்னால் உட்பக்கம் கூடுதல் தகடு வைத்து வெல்டு அடித்திருப்பார்கள். அந்த வெல்டின் ஓரத்திலேயே மறுபடி விரிசல் விட்டிருந்தால், இந்த வண்டி பாரம் ஏற்றி ஓட்ட இல்லை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேபின் மரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்காக இருந்தால் தகடு போனாலும் சட்டம் நிற்கும். கறையான் ஏறியிருந்தால் கதவை ஆட்டும்போதே தெரியும்.

டயரில் மட்டும் கை வைக்காதீர்கள். பழைய லாரி டிஸ்க் துண்டுகளாகப் பூட்டியது. டயரைப் பிடித்து நிறுத்துவது ஒரு லாக் ரிங். வருஷக்கணக்கில் துருவேறிய ரிங், காற்று உள்ளே இருக்கும்போது நழுவினால் ஆளைக் கொல்லும். வால்வின் உள்ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்கியபிறகே நட்டைத் தொட வேண்டும். பின்னால் ஜோடி டயர் என்பதால் உள் டயருக்கும் அதே முறை. வெளி டயரை இறக்கிவிட்டு உள்ளதை மறந்துவிடுவது வழக்கமான விபத்து. காற்று அடிப்பதைப் பழகிய பஞ்சர் கடைக்காரரிடம், கூண்டுக்குள் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். 9.00-20 அளவு டயர் இன்றும் கிடைக்கிறது, ஆகவே இதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை. பிரேக் டிரம்மைத் திறப்பவருக்கும் ஒரு வார்த்தை: பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். ஏர் பிடித்து ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தால் பயப்படாதீர்கள், இழுத்து ஸ்டார்ட் செய்யவும் முயலாதீர்கள். நாசிலை எல்லாம் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஃபிளைவீலில் கம்பி கொடுத்துக் கையால் இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஒரு முழுச் சுற்று வந்துவிட்டால் எஞ்சின் உங்கள் பக்கம். டேங்கில் கிடக்கும் டீசலை நம்பாமல் தனி கேனிலிருந்து லைன் கொடுங்கள். டீசல் பம்பைப் பம்ப் கடைக்கு அனுப்பிக் கழுவி வாங்கியபிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். நெடுநாள் நின்ற பம்பில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ராக் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால், எஞ்சின் பிடித்த நொடியில் வேகம் ஏறி அடங்காமல் கத்தும். சாவியோ ஸ்டாப் கம்பியோ கேட்காது. அப்போது ஏர் கிளீனர் வாயை அடைக்க ஒரு கனமான பலகையோடு ஒருவர் தயாராக நிற்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்தபின்தான் பழையபடியா, மாற்றமா என்ற பேச்சு. என் கட்சி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: ஓடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள், தோற்றத்தைத் தொடாதீர்கள். வீட்டில் யாரைக் கேட்டாலும் லாரியைப் பற்றிச் சொல்வது கேபினைப் பற்றி, ஹாரன் சத்தத்தைப் பற்றி, கதவில் எழுதிய பெயரைப் பற்றி. கியர்பாக்ஸுக்குள் எந்தப் பல் இருந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிவதைக் காப்பாற்றி, தெரியாததைத் தாராளமாக மாற்றலாம். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வரட்டும். துணி சுற்றிய வயரிங் முழுவதும் போகட்டும், தீப்பிடிப்பது அதில்தான். இண்டிகேட்டர், சீட் பெல்ட், நல்ல கண்ணாடி, ஹெட்லைட்டுக்குள் பிரகாசமான பல்பு. பிரேக்கில் நீங்கள் செய்யும் எந்த முன்னேற்றத்துக்கும் அனுமதி கேட்டுச் செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள். இவை எல்லாமே நாளை உங்கள் மகள் விரும்பினால் கழற்றிப் பழையபடி மாட்டக்கூடியவை. சேசிஸை வெட்டிக் குட்டையாக்குவது, கேபின் கூரையை அறுப்பது, ஃபயர்வாலை வெட்டி அகலமான புது எஞ்சினை நுழைப்பது ஆகிய மூன்றும் திரும்பாது. அந்த மூன்றையும் கேட்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், அதற்கு வேறு சேசிஸ் வாங்குவது மலிவு.

புது எஞ்சின் ஆசை விடவில்லையென்றால் இதைக் கணக்கில் எடுங்கள். சக்தி கூடினால் கியர்பாக்ஸ் தாங்க வேண்டும், கிரௌன் தாங்க வேண்டும், கடைசியில் பிரேக் தாங்க வேண்டும். ஒன்றை மாற்றப்போய் அச்சு வரை மாறும். மிஞ்சுவது புது லாரியின் மேல் பழைய முகமூடி. பழைய எஞ்சினுக்கு லைனர், பிஸ்டன் செட் மாற்றி, கிராங்க்கைக் கிரைண்டிங் கொடுத்து வாங்குவது அதைவிடக் குறைந்த செலவில் முடியும். அந்தச் சத்தமும் தங்கும்.

முழுச் சீரமைப்பு யாருக்கு? கேபின் அழுகி உட்கார முடியாத வண்டிக்கும், பழைய படங்கள் கையில் உள்ள குடும்பத்துக்கும். படமில்லாமல் ‘அந்தக் காலத்து ஸ்டைலில்’ கட்டச் சொன்னால் பட்டறையில் இன்றைய லாரியின் ஸ்டிக்கரும் தொங்கலும் ஏறிவிடும். கட்டுவதற்கு முன் பழைய கேபினின் ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து எண் போட்டு எடுத்து வையுங்கள். அழுகிய மரமும் அளவு சொல்லும். கதவு எழுத்துக்கு டிரேசிங் பேப்பரை ஒட்டி ஓரம் ஓரமாகப் பென்சிலில் இழுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, என்ன நிறம் என்பதைத் தனியே குறியுங்கள். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஓடாத லாரிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு எஞ்சின் இறக்கும்போது பம்பரைச் சுரண்டிக்கொண்டவர்கள் பட்டறைக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். அதில் ஈயம் இருக்கும், தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது.

குடும்பம் இன்னும் ஒத்துவரவில்லை, பணமும் இல்லை என்றால் அவசரமில்லை. டயரின் சுமை இறங்கும்படி அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி விடாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீரை இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், எலி நுழையும் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடையுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துருவேறும். நான்கு கால் நட்டுத் தார்ப்பாயைக் காற்று போகும்படி மேலே பிடியுங்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் போய் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சேசிஸ் அடியில் புற்று கிளம்புகிறதா என்று பார்த்து வரட்டும். கழற்றிய நட்டு, போல்ட், விளக்கு எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், எங்கே இருந்தது என்று எழுதிய அட்டையோடு சாக்கில் கட்டி வையுங்கள்.